பன்னிரண்டாம் வளைவில் ஒரு பலகை

பிப்ரவரி 4

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. கடிதம் நீண்டுவிடும் என்று தோன்றுகிறது. அதனால் என்னென்ன எழுதப்போகிறேன் என்பதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். வேண்டாததை நீ தாண்டிப் போய்விடலாம்.

1. தேசியப் பூங்கா அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் கடிதம்.
2. அதில் நீ கையெழுத்துப் போட வேண்டிய இடம்.
3. அன்றைக்குப் பன்னிரண்டாம் வளைவில் ‘நாலு’ என்று கேட்டது உன் அம்மாவின் குரல்தான் என்று நான் நம்பினேன் என்பது.
4. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உன்னிடம் கேட்ட கேள்வி.
5. என் உடல்நிலை. (நன்றாக இருக்கிறேன். இதைத் தாண்டிவிடலாம்.)

முதலாவது. போன வாரம் பூங்கா அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. மலைப்பாதைகளில் அசம்பாவிதம் நடந்த இடங்களில் எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்களாம். ஏரிக்கரையிலிருந்து கணவாய்க்கு ஏறும் பாதையில் பன்னிரண்டாம் வளைவில் ஒன்று வரப்போகிறது. உன் அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு வளைவு மேலே. பெயர் எதுவும் போட மாட்டார்கள். வாசகத்தை நான் அன்று கொடுத்த வாக்குமூலத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அது இது:

“குழுவாக நடப்பவர்கள் கவனத்திற்கு. பின்னால் வருபவரின் குரலை மட்டும் நம்பி நடக்காதீர்கள். இந்த இடத்தில் ஒருவர் மற்றொருவருக்காகக் குரல் கொடுத்ததால் ஓர் உயிர் பிரிந்தது.”

முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய பழக்கத்தில் மூன்று முறை படித்தேன். எழுத்துப்பிழை இல்லை. ‘ஓர் உயிர்’ என்று சரியாகவே போட்டிருக்கிறார்கள். பலகை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘ஒரு உயிர்’ என்றுதான் எழுதுவார்கள்.

இரண்டாவது. கணவரும் பிள்ளைகளும் சம்மதம் தர வேண்டுமாம். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே உனக்கான கோடு இருக்கிறது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் போய்ச் சேர்ந்தால் போதும்.

மூன்றாவது. உனக்குத் தெரிந்ததுதான்; இருந்தாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு மனம் நிற்கும். ஒவ்வொரு வளைவிலும் நாம் எண்ணிக்கை சொல்வது வழக்கம். முன்னால் போகிற நான் ஒண்ணு. எனக்குப் பின்னால் பேத்தி ரெண்டு. நீ மூணு. கடைசியில் அம்மா நாலு. நாலு கேட்ட பிறகுதான் நான் அடுத்த அடி வைப்பேன். மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி என்பதால் காரை மலையைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போய் மறுபக்கத்து வாசலில் காத்திருந்தார். பன்னிரண்டாம் வளைவில் ‘நாலு’ கேட்டது. அது அவள் குரல் என்று நம்பினேன். நம்பாமல் இருந்திருந்தால் நின்றிருப்பேன். பதின்மூன்றிலும் அப்படித்தான். அது நீ கொடுத்த குரல் என்பது பிறகுதான் தெரிந்தது. நீ ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான்காவது. கால் மணி நேரம் முன்னதாகத் தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், எல்லார் முன்னாலும், குழந்தை முன்னாலும், “நாலுன்னு சொன்னது யாரு?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்ட விதம் தவறா, கேட்டதே தவறா என்று மூன்று வருடமாக யோசித்துவருகிறேன். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படிவத்தை மட்டும் அனுப்பினால் போதும். திரும்பி வருவதற்கான உறையில் தபால்தலை ஒட்டியிருக்கிறேன்.

அப்பா

*

பிப்ரவரி 13

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்களுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்புப் பேனாவால் திருத்தியிருக்கிறேன். மற்ற வீட்டுப் பிள்ளைகள் வீடும் மரமும் வரைந்த வயதில் நான் ‘நீக்கு’, ‘சேர்’, ‘இடம் மாற்று’ என்று குறி போடக் கற்றுக்கொண்டவள். கற்றுக்கொடுத்தது நீங்கள். இத்தனை வருடம் கழித்து உபயோகப்படுகிறது.

முதல் இரண்டு குறிப்பில் கை வைக்கவில்லை. ஐந்தாவதை நம்பவில்லை, ‘நன்றாக’ என்ற சொல்லைச் சுழித்திருக்கிறேன். நான்காவதில் ‘கேட்டிருக்கக் கூடாது’ என்பதை முதலில் அடித்தேன். அப்புறம் அதன் கீழே புள்ளிகள் வைத்துவிட்டேன். அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி வைத்தால் ‘இருக்கட்டும், அடித்தது தவறு’ என்று அர்த்தம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவதன் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

பலகை விஷயத்துக்கு வருகிறேன். “ஒருவர் மற்றொருவருக்காகக் குரல் கொடுத்ததால்.” அந்த ஒருவர் நான், அப்பா. மூன்று முறை படித்தீர்கள். உங்களுக்கு ‘ஓர் உயிர்’ தெரிந்தது. ‘ஒருவர்’ தெரியவில்லை. அம்மா இருந்தால் சிரித்திருப்பாள். “உங்கப்பாகிட்ட என் சாவு ஓலையைக் குடுத்தாலும் முதல்ல கால்புள்ளிதான் பாப்பாரு” என்று அவளே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அதில் எழுதியிருப்பது பொய் என்பதால் அல்ல. உண்மை என்பதால். அந்த உண்மையோடு வீட்டுக்குள் மூன்று வருடமாக இருக்கிறேன். அதை மரத்தில் எழுதி, வண்ணம் அடித்து, போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று படித்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் போவதற்கு வைக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

நீங்கள் ஒட்டியனுப்பிய தபால்தலையை இந்த உறைக்கு எடுத்துக்கொண்டேன்.

உங்கள் மகள்

*

பிப்ரவரி 24

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

‘ஒருவர்’ என்பதை நான் பார்க்கவில்லை. சமாதானம் சொல்லவில்லை, பார்க்கவில்லை. பிழை திருத்துகிறவனுக்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது என்று அச்சகத்தில் கேலி செய்வார்கள். அது கேலியில்லை என்று இப்போது தெரிகிறது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வனக்காவலர் வாக்குமூலத்தைத் தன் கையாலேயே எழுதி என்னிடம் படிக்கக் கொடுத்தார். “ஏழாம் வளைவிலிருந்து அவருக்கு மூச்சு இறைத்தது” என்று எழுதியிருந்தார். கிணற்றில் தண்ணீர்தான் இறைப்பார்கள், மூச்சு இரைக்கும். அந்த ‘ற’வை அடித்து ‘ர’ போட்டுக் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார். இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொன்னால் நீ எவ்வளவு கோபப்படுவாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அந்தப் பயணத்தின் கால அட்டவணை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்து நாள், மூன்று பூங்கா, நாற்பத்தொரு கிலோமீட்டர். இரண்டாம் நாள் காலையில், “10.40 – 10.50: காட்சி பார்த்தல்” என்று போட்டிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு உன் அம்மா, “பத்து நிமிஷத்துக்குள்ள அழகா இருந்து முடிச்சிடணும்னு மலைகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள். நீயும் குழந்தையும் அந்த மரப்பாலத்தில் உட்கார்ந்து சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் 10.50க்கு எழுந்துவிட்டேன்.

நாலாம் நாள் அட்டவணையில் ஏரிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கியிருந்தேன். முக்கால் மணி. ஏரியைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது. அவள் ஷூவைக் கழற்றிவிட்டுக் கணுக்கால்வரை இறங்கி நின்றாள். “இங்கயே இருந்துடலாம் போல இருக்கு” என்றாள். எல்லாரும் எல்லா இடத்திலும் சொல்கிற வார்த்தைதான். நான் மணி பார்த்தேன்.

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு பிழை கண்ணில் பட்டால் ஓடிப்போய் ஃபோர்மேனிடம் காட்டுவோம். பெரிய பிழை என்றால் நிறுத்துவார். சின்னதென்றால் கையை ஆட்டி “ஓடட்டும்” என்பார். அந்த வார்த்தையை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்றால் ஓடட்டும். கதவு சரியாகச் சாத்தவில்லையென்றால் ஓடட்டும். என்னைவிட உன் அம்மாதான் அதை அதிகம் சொன்னாள். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாம் என்றால் மறுபடியும் பக்கத்தைப் பிரதி எடுக்க வேண்டும்.

மூன்றாவது குறிப்பின் ஓரத்தில் நீ போட்டிருக்கும் கேள்விக்குறி எனக்குப் புரியவில்லை. வாக்கியம் தெளிவாக இல்லையா?

ஒன்று கேட்கலாமா என்று யோசித்து, கேட்கிறேன். பதினோராம் வளைவில் அவள் உன்னிடம் என்ன சொன்னாள்? மூன்று வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. ‘யார் சொன்னது’ என்றுதான் கேட்டேன். ‘ஏன் சொன்னாய்’ என்று கேட்கவில்லை.

அப்பா

*

மார்ச் 6

அப்பாவுக்கு,

அம்மா அங்கே கம்பளிக்குள் கிடக்க, நீங்கள் ‘ர’ போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். கோபம்தான் வந்தது. படித்துவிட்டுப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய், நாள் முழுக்க ரத்த மாதிரிக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். மாலையில் கோபம் போய்விட்டது. எல்லாரும் அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்த எதையோ பிடித்துக்கொண்டோம். நான் அவளுடைய இன்னொரு காலின் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கேட்டீர்கள், சொல்கிறேன்.

பதினோராம் வளைவில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று அம்மா அதில் உட்கார்ந்தாள். முகம் வேர்த்திருந்தது. மலையேறினால் வேர்க்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். நான் குனிந்து கட்டப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

“நீ போ. நான் மெதுவா வரேன்.”

“அப்பா எண்ணுவாரேம்மா.”

“எண்ணுனா நீயே நாலுன்னு சொல்லிடு. என் குரல் உனக்கு வராதா என்ன? இல்லேன்னா அந்த மனுஷன் பையை இறக்கி வெச்சு, மேப்பை விரிச்சு, எனக்குத் தண்ணி குடுத்து, மருந்து குடுத்து, மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு ‘எல்லாம் என் தப்பு’ன்னு ஆரம்பிச்சிடுவாரு. ஒரு நாலுதானே. ஓடட்டும்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஸ்கூலுக்கு லீவு கேட்க, அம்மா குரலில் டெலிபோனில் பேசியவள் நான். அந்தக் குரல் எனக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டில் ‘மூணு’ என் குரலில் சொன்னேன், ‘நாலு’ அவள் குரலில் சொன்னேன். பதின்மூன்றிலும் சொன்னேன். பதினான்கில் சொல்லவில்லை. பையைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். அவள் கை ஷூ கயிற்றின் மேலேயே இருந்தது.

எங்கள் பரிசோதனைக்கூடத்துச் சுவரில் ஓர் அட்டை இருக்கிறது. “உங்கள் பெயரைக் கூப்பிட்டால் நீங்களே பதில் சொல்லவும். உங்களுக்காக மற்றவர் சொல்லக் கூடாது.” குழாய் மாறிவிடக் கூடாது என்பதற்காக ஆறு வருடத்துக்கு முன்னால் நானே என் கையால் எழுதி ஒட்டியது. தினமும் அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உங்கள் பூங்காக்காரர்கள் தனியாகப் பலகை வைத்தாலும் வைக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

குழந்தைக்குப் பதினொரு வயது ஆகிவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் மலைநடைக்கு அழைத்துப்போகிறார்கள். சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. எனக்கு இப்போதெல்லாம் எந்தப் படிவத்திலும் கை ஓடுவதில்லை. மலைக்குப் போகக் கூடாது என்றேன். “நான் அன்னிக்குச் சொல்லாம இருந்ததாலயா?” என்று கேட்டாள். என்ன சொல்லாமல் இருந்தாய் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நீ நாலுன்னு சொன்னப்போ தாத்தா நின்னாரும்மா. தலையை இப்படிச் சாய்ச்சாரு, சத்தம் கேக்குற மாதிரி. அப்புறம் வாட்ச்சைப் பாத்தாரு. அப்புறம் நடந்துட்டாரு. எனக்கு அவர்கிட்ட கேக்கணும்னு தோணுச்சு. கேக்கல.”

எட்டு வயதில் பார்த்ததை இந்தக் குழந்தை மூன்று வருடமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தன்மேல் தவறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நம் குடும்பத்தில் இது ஒரு வியாதி போல.

கேள்விக்குறி இதற்குத்தான். நாலு கேட்டால் அடுத்த அடி வைப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு கேட்டது. அப்புறம் எதற்கு நின்றீர்கள், அப்பா?

உங்கள் மகள்

*

மார்ச் 12

அன்புள்ள மகளுக்கு,

குழந்தை சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். நின்றேன். ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் மாட்டியிருந்தது. மறுபக்கத்து வாசலை ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள், மாப்பிள்ளை காத்திருப்பார் என்பதால் மணி பார்த்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

குழந்தையிடம் அவள்மேல் எந்தத் தவறும் இல்லை என்று சொல்.

அப்பா

*

மார்ச் 17

அப்பாவுக்கு,

கல் விஷயத்தைக் குழந்தையிடம் சொன்னேன். “தாத்தா குனியவே இல்லையே” என்றாள்.

நான் மேலே ஒன்றும் கேட்கப்போவதில்லை. பலகைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீங்களே பூங்கா அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். வாசகம் அப்படியே இருக்கட்டும். யாரோ ஒருவர் அந்த ‘ஒருவர்’ ஆக இருந்துதானே ஆக வேண்டும். எனக்குப் பழகிவிட்டது.

இனிமேல் எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை டப்பாவில் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியதை இரண்டு தடவை நிரப்பிவிடுகிறீர்கள் என்று மருந்துக்கடைக்காரர் இவரிடம் போனில் சொன்னாராம்.

உங்கள் மகள்

*

மார்ச் 26

அன்புள்ள மகளுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகு எழுதுகிறேன். உன் சொல்லை நான் மீறுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு வரிசை எண் போடவில்லை. சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் வைக்க எண் கிடைக்கவில்லை.

உன் கையெழுத்தோடு வந்த படிவம் ஐந்து நாளாக என் மேஜைமேல் இருந்தது. உறையில் விலாசம் எழுதிவிட்டேன். தபால்பெட்டி தெருமுனையில் இருக்கிறது. இரண்டு தடவை அதுவரை நடந்து திரும்பினேன். இரண்டாவது தடவை, செருப்பு தைப்பவர், “என்ன சார், பெட்டி நிரம்பிடுச்சா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். தெருவில் ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டால்கூட அன்று முழுவதும் எனக்கு எதிலும் மனம் ஒட்டாது. உன் அம்மா என்னைக் கால்புள்ளி என்பாள். “எங்க பாத்தாலும் நிப்பாரு, எதையும் முடிக்கமாட்டாரு.” நிற்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. அன்றைக்கு ஒரே ஓர் இடத்தில் அதைச் செய்யாமல் விட்டேன்.

ஷூவில் கல் இல்லை.

அச்சகத்தில் பிழை திருத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் புரூஃபைப் பார்த்துக்கொண்டே கேட்பார். முப்பத்தாறு வருடத்தில் பாதியை நான் கேட்டுக்கொண்டேதான் கழித்திருக்கிறேன். படிக்கிறவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தாலும் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும் குரலிலேயே தெரிந்துவிடும்.

ஏழாம் வளைவிலிருந்து உன் அம்மாவின் ‘நாலு’ உடைந்துவிட்டது. நா என்று ஒரு மூச்சு, லு என்று இன்னொரு மூச்சு. எட்டில், ஒன்பதில், பத்தில் அப்படித்தான் வந்தது. பதினொன்றில் லு சரியாகக் கேட்கவே இல்லை. அதனால்தான் வனக்காவலர் கேட்டபோது ஏழாம் வளைவு என்று அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்தது. மூச்சு இரைத்தது என்று ‘ர’ போட்டுத் திருத்தியவனுக்கு அது இரைத்தது தெரியாமலா இருக்கும்?

பன்னிரண்டில் ‘நாலு’ முழுதாக வந்தது. உடையாமல், இரைக்காமல், சிரிப்போடு. வீட்டில் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாளே, அப்படி வந்தது. நீ நன்றாகத்தான் செய்தாய். ஏரிக்கு முன்னால் இருந்த அம்மாவின் குரலைக் கொடுத்தாய். பதினோரு வளைவு ஏறிய அம்மாவின் குரல் அது இல்லை. பிழையே இல்லாத புரூஃப் வந்தால் மறுபடியும் படி என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

அதனால் நின்றேன். தலையைச் சாய்த்தேன். குழந்தை பார்த்தது சரி. இது அவள் இல்லை, மகள்தான் விளையாடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சந்தேகம் என்று எழுதத்தான் கை போகிறது. சந்தேகம் இல்லை, தெரிந்தது.

பிறகு ஏன் நடந்தேன் என்று நீ கேட்பாய். நானும் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்த பதில்களை எழுதுகிறேன். எதுவும் போதுமானதாக இல்லை. மணி மூன்று பத்து. வாசல் ஐந்துக்கு. மாப்பிள்ளையைக் காக்கவைக்கக் கூடாது. யாரையும் காக்கவைப்பது எனக்குப் பயம். அதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றிச் சிரிக்கிறீர்கள் என்று தோன்றியது. திரும்பிப் போய்க் கேட்டால் இன்னும் சிரிப்பீர்கள். அட்டவணை, எண்ணிக்கை, பத்து நிமிடக் காட்சி எல்லாவற்றையும் சேர்த்துச் சிரிப்பீர்கள். மனம் கொஞ்சம் புண்பட்டது. ஓடட்டும் என்று நினைத்தேன். அந்த ஒரே வார்த்தையை அவள் கீழே உன்னிடம் சொல்லியிருக்கிறாள், நான் மேலே எனக்குள் சொல்லியிருக்கிறேன் என்பதை உன் கடிதத்தில் படித்த பிறகு இரண்டு நாள் நான் பேனாவைத் தொடவில்லை.

பதின்மூன்றிலும் தெரிந்தது. அங்கே நான் நிற்கக்கூட இல்லை.

டாக்டர் ‘கால் மணி நேரம்’ என்று சொன்னதும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. பன்னிரண்டிலிருந்து திரும்பியிருந்தால் பதினோராம் வளைவுக்கு ஆறு நிமிடம். அந்தக் கணக்கு யாருடையது என்று யாரும் கேட்பதற்கு முன்னால், “நாலுன்னு சொன்னது யாரு?” என்று நான் கேட்டேன். அது யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன். கேட்ட விதம் தவறா, கேட்டதே தவறா என்று எழுதியிருந்தேன் அல்லவா. அது கேள்வியே இல்லை என்பதுதான் சரி. என் தலையில் இருந்ததை இறக்கி, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போது, உன் தலையில் வைத்தேன். நீ சுமந்தாய். நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ செய்தது, அம்மா கேட்டதைச் செய்தது. அவள் செய்தது, என்னைப் பதறவிடாமல் பார்த்துக்கொண்டது. நீங்கள் இரண்டு பேரும் ஏமாந்தீர்கள். ஏமாறாதவன் ஒருவன்தான் அந்தப் பாதையில் இருந்தான். அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

உன் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கிழித்துவிட்டேன். இன்று காலை பூங்கா அலுவலகத்துக்கு வேறு கடிதம் அனுப்பினேன். என் பழைய வாக்குமூலத்தில் ஒரு வரி உண்மையில்லை என்றும், அதிலிருந்து எடுத்த வாசகத்தை வைக்க வேண்டாம் என்றும், பதிலாக இதை வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறேன்:

“முன்னால் நடப்பவர் கவனத்திற்கு. பின்னால் வருபவர் வரவில்லை என்று தோன்றினால் நில்லுங்கள். திரும்பிச் செல்லுங்கள். இந்த இடத்தில் முன்னால் நடந்தவருக்கு அது தெரிந்தது. அவர் திரும்பிச் செல்லவில்லை.”

நான் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சட்டப்படி உன்னுடையதும் வேண்டும் என்பார்கள். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று இதோடு இருக்கிறது; நீ போடலாம், போடாமலும் இருக்கலாம். இந்தத் தடவை உறையில் தபால்தலை ஒட்டவில்லை. திருப்பி அனுப்புவாய் என்று எதிர்பார்ப்பதுபோல இருக்கும்.

குழந்தையை மலைநடைக்கு அனுப்பு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அன்றைக்கு நாலு பேரில், கேட்டிருக்கலாமே என்று நினைத்தவள் அவள் ஒருத்திதான். என்னிடம் கேட்காததற்குக் காரணம் நான்தான். தாத்தா மணி பார்க்கும்போது பேசக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். இனிமேல் பேசலாம் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அது அவளுக்கே தெரிய வேண்டிய விஷயம்.

மாத்திரை டப்பாவைச் சரிபார்த்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர் சொன்னது உண்மை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்தது, வியாழக்கிழமை இல்லை.

நீ சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பிய என் முதல் கடிதம் எதிரில் இருக்கிறது. முதலாவதும் இரண்டாவதும் இனிச் செல்லாது. ஐந்தாவதில் நீ சுழித்தது சரி. மூன்றாவதன் ஓரத்தில் உன் கேள்விக்குறி இருக்கிறது. அதற்கு என் பதில்: மூன்றாவது குறிப்பு தவறு. நான் நம்பவில்லை. அதை நானே அடித்திருக்கிறேன். பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ பார்த்துக்கொள். அதன் கீழே மட்டும் புள்ளி வைத்துவிடாதே.

அப்பா